சோறு போட்டவருக்குப் பிள்ளை சொந்தமா?

(சங்கத்தின் பெற்றோர் – இளைஞர் கல்விக் கூட்டத்தில், தோட்டப் பாடசாலை ஆசிரியையும் சங்க அமைப்பாளருமான தோழர் ஆற்றிய உரை)



தோட்டத் தலைவர் என்னைப் பேசக் கூப்பிட்டபோது "பிள்ளைகளின் படிப்பு" என்றுதான் தலைப்புக் கொடுத்தார். அது பெரிய தலைப்பு. அதில் ஒரு பகுதியை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். வெளியாட்கள் வந்து நமது பிள்ளைகளைப் பொறுப்பெடுக்கிறார்களே, அதைப் பற்றித்தான் பேசப்போகிறேன். சாப்பாடு, சட்டை, சப்பாத்து, கொப்பி எல்லாம் கொடுத்து வளர்க்கிற பிள்ளை, பதினெட்டு வயதில் யாருடைய வரிசையில் போய் நிற்கிறது? இதுதான் என் கேள்வி.

இந்தக் கேள்விக்கு விடை தேட நாம் கடல் கடந்து போக வேண்டியதில்லை. இதே நாட்டில், வடக்கே யாழ்ப்பாணக் குடாநாட்டில் நடந்திருக்கிறது. நான் ஆசிரியப் பயிற்சிக்காகக் கோப்பாயில் இருந்த காலத்தில், இல்லங்களில் வளர்ந்தவர்கள் சிலரோடு பழகியிருக்கிறேன். அவர்கள் சொன்னதை இங்கே மேடையில் போட்டு உடைக்க மாட்டேன். ஊருக்குத் தெரிந்த, எழுதப்பட்ட சங்கதிகளை மட்டும் சொல்கிறேன்.

1990 ஜூன் மாதம் இரண்டாவது ஈழப்போர் தொடங்கியது. அன்றிலிருந்து 1995 கடைசி வரைக்கும் குடாநாட்டின் பெரும்பகுதி விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்தது. மின்சாரம் இல்லை. மண்ணெண்ணெய்க்குத் தட்டுப்பாடு. மேலே இருந்து குண்டு விழுந்தது. தாய் தகப்பனை இழந்த பிள்ளைகள் கூடிக்கொண்டே போனார்கள். அப்படிப்பட்ட பெண் பிள்ளைகளுக்காக 1991-இல் புலிகள் ஆரம்பித்த இல்லம்தான் செஞ்சோலை. ஆண் பிள்ளைகளுக்கு 1993-இல் காந்தரூபன் அறிவுச்சோலை வந்தது.

அந்தப் பெயர் யாருடையது என்று பாருங்கள். காந்தரூபன் கடற்கரும்புலி. 1990 ஜூலை 10-ஆம் திகதி வல்வெட்டித்துறைக் கடலில் கடற்படைக் கப்பலை வெடிமருந்துப் படகால் மோதி இறந்த மூன்று பேரில் ஒருவர். அவரே தாய் தகப்பன் இல்லாமல் வளர்ந்தவர் என்றும், போவதற்கு முன் தன்னைப் போன்ற பிள்ளைகளுக்கு ஒரு இல்லம் அமைக்கச் சொல்லித் தலைவரிடம் கேட்டுக்கொண்டார் என்றும் புலிகளின் வெளியீடுகள் சொல்கின்றன.

அந்த ஆசையில் ஒரு குறையும் இல்லை. தான் பட்ட கஷ்டம் இன்னொரு பிள்ளை படக்கூடாது என்று நினைத்த மனசு அது. ஆனால் அந்த இல்லத்துக்குள் வளர்கிற எட்டு வயதுப் பையனின் இடத்தில் நின்று பாருங்கள். காலையில் எழும்புகிறான். வாசலில் இருக்கிற பெயர், உன்னைப் போல அநாதையாய் இருந்து, உயிரைக் கொடுத்தவரின் பெயர். சோறு அந்த இயக்கத்தின் சோறு. அண்ணா, அக்கா என்று கூப்பிடுகிறவர்கள் அந்த இயக்கத்தின் ஆட்கள். அவனிடம் "நீ பெரியவனானதும் துவக்கு எடுக்க வேண்டும்" என்று யாரும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டியதில்லை. வாசல் பலகையே சொல்லிக்கொண்டிருக்கும்.

நான் ஒருபக்கமாய்ப் பேச வரவில்லை. அந்த இல்லங்கள் பிள்ளைகளைக் காப்பாற்றின. பசிக்கு விடவில்லை, தெருவுக்கு விடவில்லை, படிக்க வைத்தன. 1995 ஒக்டோபர் 30-ஆம் திகதி ஒரே இரவில் யாழ்ப்பாணம் இடம்பெயர்ந்ததே, அந்தக் காலத்தில் இந்தப் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டுதான் வன்னிக்குப் போனார்கள். அங்கே வளர்ந்தவர்களில் பலர் படித்து வேலைக்குப் போனார்கள், குடும்பமானார்கள். வளர்த்த அக்காமாரை இன்றைக்கும் அம்மா என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். அந்த அன்பைக் கொச்சைப்படுத்த எனக்கு உரிமை இல்லை. அன்பு பொய்யல்ல என்பதால்தான் இந்த விசயம் இவ்வளவு சிக்கலானது. பொய்யான அன்பென்றால் பிள்ளை ஒரு நாள் கண்டுபிடித்துவிடும். உண்மையான அன்புக்குத்தான் பிள்ளை உயிரையும் கொடுக்கும்.

இந்த இல்லங்களுக்குக் காசு எங்கிருந்து வந்தது? பெரும்பகுதி வெளிநாட்டுத் தமிழர்களிடமிருந்து வந்தது. கனடாவில், சுவிட்சர்லாந்தில், இங்கிலாந்தில் ஹோட்டலில் கோப்பை கழுவினவர்களும் இரவு வேலைக்குப் போனவர்களும் ஒரு பிள்ளையின் செலவை மாதாமாதம் ஏற்றுக்கொண்டார்கள். தமிழர் புனர்வாழ்வுக் கழகம் இப்படியான நிதி வேலைகளைச் செய்தது. அது 1985-இல் தமிழ்நாட்டில், அகதிகளுக்காக ஆரம்பிக்கப்பட்ட அமைப்பு. 2007 நவம்பரில் அமெரிக்காவும் இலங்கையும் அதைத் தடை செய்தன. காசு கொடுத்த அந்தத் தமிழன் நினைத்தது ஒரு பிள்ளையின் பசியை. அதில் சந்தேகமில்லை. ஆனால் அவனால் காசைத்தான் அனுப்ப முடியும். பிள்ளைக்குப் பதினாறு, பதினேழு வயதாகும்போது இல்லத்தில் என்ன பேசப்படுகிறது என்று அவனால் போய்ப் பார்க்க முடியாது. பிள்ளையைப் பார்க்கிறவர் காசு கொடுப்பவர் இல்லை. காசு கொடுப்பவர் பிள்ளையைப் பார்ப்பதில்லை. நடுவில் இருப்பவர் யாரோ, அவர் கையில்தான் பிள்ளையின் எதிர்காலம்.

புலிகளின் சிறுத்தைப் படையணியில் இல்லங்களில் வளர்ந்த பிள்ளைகள் சேர்க்கப்பட்டதாக ஆய்வாளர்களும் மனித உரிமை அமைப்புகளும் எழுதியிருக்கிறார்கள். சிறுவர்களைப் படையில் சேர்ப்பதில்லை என்பதுதான் புலிகள் வெளியே சொன்ன பதில். 1998 மே மாதம் ஐ.நா. பிரதிநிதி வன்னிக்குப் போனபோது, பதினெட்டு வயதுக்குக் குறைந்தவர்களைச் சண்டைக்கு அனுப்ப மாட்டோம், பதினேழுக்குக் குறைந்தவர்களைச் சேர்க்க மாட்டோம் என்று வாக்குக் கொடுத்தார்கள். அதற்குப் பிறகு என்ன நடந்தது? 2002 பெப்ரவரியில் போர்நிறுத்தம் வந்தது. அந்தப் போர்நிறுத்தக் காலத்திலேயே 3,516 சிறுவர் சேர்ப்புகளை யுனிசெப் பதிவு செய்திருந்ததாக, 2004 நவம்பரில் வெளிவந்த மனித உரிமைகள் கண்காணிப்பகத்தின் அறிக்கை சொல்கிறது. சண்டை இல்லாத காலத்துக் கணக்கு அது.

இந்த 3,516-உம் இல்லத்துப் பிள்ளைகள் என்று நான் சொல்லவில்லை. வீட்டிலிருந்தும், பள்ளிக்கூடம் போகிற வழியிலிருந்தும், கோயில் திருவிழாவிலிருந்தும் போனவர்கள், கொண்டுபோகப்பட்டவர்கள் அதில் இருக்கிறார்கள். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். வசதி உள்ளவர் பிள்ளையைக் கொழும்புக்கு அனுப்பினார், வெளிநாட்டுக்கு அனுப்பினார். மீதி இருந்தது யாருடைய பிள்ளை?

இந்த இடத்தில் நமது சொந்தக் கதை வருகிறது. 1977 கலவரத்திலும் 1983 கலவரத்திலும் மலையகத்திலிருந்து அடிபட்டு ஓடினவர்கள் வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் காடு வெட்டிக் குடியேறினார்கள். காந்தியம் அமைப்பு அவர்களில் பலரைக் குடியமர்த்தியது. கிளிநொச்சியில் மலையாளபுரம், பாரதிபுரம் என்று போய்ப் பாருங்கள். நமது பாட்டன் பாட்டியின் பேச்சு அங்கே இன்னமும் கேட்கும். காணி உறுதி இல்லை, வயல் இல்லை, கூலி வேலை. 2006-இலிருந்து வன்னியில் வீட்டுக்கு ஒருவர் என்ற சட்டம் வந்தபோது, அந்தக் குடும்பங்களுக்கு ஒளிக்க இடமும் இல்லை, வெளியேற பிணை நிற்க ஆளும் இல்லை. தோட்டத்தில் கொழுந்து பறித்தவரின் பேரப்பிள்ளை, வேறொருவர் தீர்மானித்த போரில் பங்கருக்குள் இருந்தது. அதனால்தான் குடாநாட்டுக் கதை அவர்கள் கதை, நமக்கென்ன என்று இருக்க முடியாது என்கிறேன்.

சரி, சோறு போடுவது எப்படிப் படையில் கொண்டுபோய் விடுகிறது? அதற்கு நாலு படி இருக்கிறது என்பது என் கணிப்பு.

முதல் படி, கடன். நமது ஆட்களுக்குக் கர்ணன் கதை தெரியும். தேரோட்டி வளர்த்த பிள்ளை என்று சபையில் அவமானப்பட்டு நிற்கிறான். துரியோதனன் கையைப் பிடித்து அங்க நாட்டைக் கொடுக்கிறான். அன்றைக்கு ஏறின கடன். பிறகு பெற்ற தாய் வந்து கேட்டாலும், சண்டை நியாயமில்லை என்று தெரிந்தாலும் கர்ணனால் விலக முடியவில்லை. செஞ்சோற்றுக்கடன் என்கிறோம். கூத்தில் அந்த இடம் வரும்போது நாம் எல்லோரும் அழுகிறோம், கர்ணனைப் புகழ்கிறோம். துரியோதனனை ஒரு கேள்வி கேட்கிறோமா? கொடுக்கும்போது எதற்காகக் கொடுத்தாய் என்று கேட்கிறோமா?

இரண்டாவது படி, வேலி. இல்லத்துப் பிள்ளைக்கு வேறு பெரியவர்கள் இல்லை. "மாமா இப்படிச் சொல்கிறார், டீச்சர் அப்படிச் சொல்கிறாரே" என்று ஒப்பிட்டுப் பார்க்க வேலிக்கு வெளியே இன்னொரு குரல் வேண்டும். அது இல்லாவிட்டால் ஒரே குரல்தான் உலகம்.

மூன்றாவது படி, பெருமை. மேடையில் ஏற்றுவது, சீருடை போட்டு அணிவகுப்பு, படம் எடுப்பது, பெரிய ஆள் வந்து தோளில் தட்டுவது. இல்லாத வீட்டுப் பிள்ளைக்குக் கிடைக்கிற முதல் மரியாதை அது. நமது பிள்ளைகளைக் கடையில் எப்படிக் கூப்பிடுகிறார்கள், பஸ்ஸில் எப்படிப் பேசுகிறார்கள் என்று உங்களுக்குத் தெரியும். மரியாதைக்கு ஏங்குகிற பிள்ளையிடம் முதலில் மரியாதையோடு வருகிறவர் யாரோ, அவர் பின்னால் அது போகும்.

நாலாவது படி, பதினெட்டு வயது. இல்லத்தின் காலம் முடிகிறது. வீடு இல்லை, வேலை இல்லை, ஆள் பலம் இல்லை. எல்லாக் கதவும் பூட்டியிருக்க, ஒரு கதவு மட்டும் திறந்திருக்கிறது. அந்தக் கதவால் போனவனைப் பார்த்து, அவனாக விரும்பித்தான் போனான் என்று எழுதிக்கொள்கிறார்கள்.

இதில் சட்டம் எங்கே நிற்கிறது என்று கேட்பீர்கள். ஆயுத மோதலில் சிறுவரை ஈடுபடுத்துவதைத் தடுக்கும் ஐ.நா. நெறிமுறை 2000-இல் வந்தது. அந்த வருடமே இலங்கை அதை ஏற்றுக்கொண்டது. 2006-இல் நமது தண்டனைச் சட்டக்கோவையைத் திருத்தி, சிறுவரை ஆயுத மோதலுக்குச் சேர்ப்பதைக் குற்றமாக்கினார்கள். நல்லது. ஆனால் சட்டம் சேர்க்கிற நாளைத்தான் பார்க்கிறது. பிள்ளைக்கு அன்று பதினேழா பதினெட்டா என்று பார்க்கிறது. நான் சொன்ன நாலு படியும் அதற்கு முந்தின பத்து வருடத்தில் நடந்து முடிகிறது. அந்தப் பத்து வருடத்தைச் சட்டம் பார்ப்பதில்லை. பெற்றோரும் சங்கமும்தான் பார்க்க வேண்டும்.

இன்னொரு ஆபத்தும் உண்டு. 2006 ஓகஸ்ட் 14-ஆம் திகதி முல்லைத்தீவு வள்ளிபுனத்தில், செஞ்சோலை வளாகத்தின் மேல் விமானப்படை குண்டு போட்டது. 50-க்கும் மேற்பட்ட பெண் பிள்ளைகள் இறந்தார்கள். கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பாடசாலைகளிலிருந்து தங்கிப் பயிற்சி பெற வந்த மாணவிகள் அவர்கள். அரசாங்கம் அதைப் படைப் பயிற்சி முகாம் என்றது. அவர்கள் பாடசாலைப் பிள்ளைகள் என்று யுனிசெப் சொன்னது. குண்டு போட்டவர் செய்தது கொடுமை. அதற்கு எந்தச் சாட்டும் இல்லை. ஆனால் ஒரு தாயாக யோசித்துப் பாருங்கள். ஆயுதம் வைத்திருக்கிறவரின் பெயரில் நடக்கிற வேலிக்குள் பிள்ளையை விட்டால், எதிரில் இருக்கிறவன் அந்த வேலியைத்தான் பார்க்கிறான். உள்ளே இருக்கிற பிள்ளையைப் பார்ப்பதில்லை.

புலிகளை மட்டும் சொல்லிவிட்டு இருந்தால் நான் பாதி உண்மையைத்தான் சொன்னவளாவேன். 2004-இல் பிரிந்த கருணா குழு கிழக்கில் சிறுவர்களைக் கடத்தியபோது, அரச படைகளில் இருந்த சிலர் அதற்கு உடந்தையாய் இருந்தார்கள் என்று 2006 நவம்பரில் ஐ.நா. ஆலோசகர் அலன் ரொக் சொன்னார். போர் முடிந்த பிறகு, 594 முன்னாள் சிறுவர் போராளிகள் புனர்வாழ்வுக்கு அனுப்பப்பட்டார்கள். அவர்கள் வீடு திரும்பின காலத்தில் வடக்கில் யார் பிள்ளைகளுக்குச் சைக்கிள் கொடுத்தது, கொப்பி கொடுத்தது, புலமைப்பரிசில் கொடுத்தது? இராணுவம். குடாநாட்டில் படையினர் நடத்துகிற உதவி வழங்கும் விழாக்களின் படங்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். வன்னியில் முன்பள்ளி ஆசிரியைகள் பலருக்குச் சம்பளம் கொடுத்தது சிவில் பாதுகாப்புத் திணைக்களம். அது பாதுகாப்பு அமைச்சின் கீழ் இருக்கிற, ஊர்காவல் படையிலிருந்து வந்த திணைக்களம். மற்ற முன்பள்ளி ஆசிரியைக்குக் கிடைக்காத சம்பளம் அங்கே கிடைத்தது. அப்படியிருக்க, அந்தச் சகோதரி வேண்டாம் என்று சொல்லியிருப்பாளா? 2012 நவம்பரில் கிளிநொச்சியில் 100-க்கும் மேற்பட்ட தமிழ்ப் பெண்களை இராணுவத்தில் சேர்த்தார்கள். போரில் ஆண் துணையை இழந்த, வேலை இல்லாத வீடுகள் நிறைந்த மாவட்டம் அது. வறுமை ஒன்று. துவக்கின் நிறம்தான் மாறியது.

தெற்கிலும் இதுதான் வழி. கொத்தலாவல பாதுகாப்புப் பல்கலைக்கழகத்தில் அதிகாரிப் பயிற்சிக்குச் சேர்கிறவருக்குப் பட்டப்படிப்பு இலவசம், மாதக் கொடுப்பனவும் உண்டு. முடித்ததும் படையில் சேவை செய்ய வேண்டும். அது வெளிப்படையான ஒப்பந்தம், வளர்ந்தவர் கையெழுத்து வைக்கிற ஒப்பந்தம். அதை நான் இதோடு ஒன்றாகப் போடவில்லை. ஆனால் கிராமத்துச் சிங்களத் தாயின் பிள்ளையும் வறுமையால்தான் படைக்குப் போனது என்பதை நாம் மறக்கக்கூடாது. அந்தத் தாயும் நமது தாய்தான்.

வெள்ளைக்காரன் நாட்டிலும் பழைய கதை இருக்கிறது. 1756-இல் லண்டனில் ஜோனாஸ் ஹான்வே என்ற வியாபாரி, கடற்சங்கம் என்று ஒரு தர்ம அமைப்பை ஆரம்பித்தார். தெருவில் திரிந்த ஏழைப் பையன்களைப் பிடித்து, குளிக்கவார்த்து, நல்ல உடுப்புப் போட்டுக் கடற்படைக் கப்பலுக்கு அனுப்புவதுதான் வேலை. பணக்காரர்கள் தாராளமாகச் சந்தா கொடுத்தார்கள். ஏழு வருடப் போர் 1763-இல் முடிவதற்குள் 10,000-க்கு மேற்பட்ட ஆண்களும் பையன்களும் அந்தச் சங்கத்தின் வழியாகக் கப்பல் ஏறினார்கள். கொடுத்தவர்களுக்குப் புண்ணியம் கிடைத்தது, நாட்டுக்குப் படை கிடைத்தது. பையனிடம் யாரும் கேட்கவில்லை. ஆக, இது தமிழனின் குற்றமோ சிங்களவனின் குற்றமோ இல்லை. எங்கே ஏழைப் பிள்ளை இருக்கிறதோ, அங்கே அதன் பசியைக் கணக்குப் பார்க்கிறவர் வருவார்.

இனி நமது தோட்டத்துக்கு வருகிறேன். பிள்ளைகளைப் பொறுப்பெடுப்பதாகச் சொல்லி நமது டிவிசன்களுக்கு ஆட்கள் வந்துபோகிறார்கள். சமயத்தின் பெயரில் வருகிறவர் உண்டு, சேவையின் பெயரில் வருகிறவர் உண்டு. நல்லவர்களும் இருக்கிறார்கள், அவர்களால் பல்கலைக்கழகம் போன பிள்ளையை எனக்குத் தெரியும். ஆனால் ஒரு தாய் என்னிடம் கொண்டுவந்து காட்டின படிவத்தில் இரண்டு வரி இருந்தது. படிப்பு முடியும்வரை பிள்ளையைத் திருப்பிக் கேட்பதில்லை என்பது ஒரு வரி. என்ன தொழிலுக்குப் பயிற்சி என்பதை நிறுவனமே தீர்மானிக்கும் என்பது மற்ற வரி. அந்தத் தாய்க்கு வாசிக்கத் தெரியாது. பெருவிரல் வைக்கச் சொல்லியிருக்கிறார்கள். அது எந்தப் படைக்கும் ஆள் எடுக்கிற இடம் என்று நான் சொல்லவில்லை. பிள்ளையின் எதிர்காலத்தை எழுதிக் கொடுக்கச் சொல்கிற இடம். நாளைக்கு அதன் பின்னால் யார் நிற்பார்கள் என்று யாருக்குத் தெரியும்?

அந்தத் தாயைக் குறை சொல்லாதீர்கள். 2024-இல் பெரிய போராட்டத்துக்குப் பிறகுதான் நாட்சம்பளம் 1,350 ரூபாவானது. அதுவும் நாள் முழுதும் நின்று, நிறுவை சரியாக வந்து, முழுப்பேர் போட்டால்தான். அந்தக் காசில் அரிசி, மா, மண்ணெண்ணெய், மருந்து போக இரண்டு பிள்ளைக்குச் சப்பாத்து வாங்கச் சொல்லியிருந்தால் எப்படி வாங்கியிருப்பாள்? சம்பளக் கோரிக்கையும் பிள்ளைப் பாதுகாப்பும் வேறு வேறு என்று நினைக்காதீர்கள். தாய்க்குச் சம்பளம் ஒழுங்காக இருந்தால் பிள்ளைக்கு எசமான் தேவையில்லை.

1945-இல் இந்த நாட்டில் இலவசக் கல்வி வந்தது. ஆனால் தோட்டப் பாடசாலைகளை அரசாங்கம் பொறுப்பெடுத்தது 1970-களில்தான். அதுவரை ஒரு அறை, ஒரு மாஸ்டர், ஐந்தாம் வகுப்போடு சரி. அதற்கெதிராகப் போராடித்தான் இன்றைக்கு நான் டீச்சராக உங்கள் முன்னால் நிற்கிறேன். அரச பாடசாலையில் படித்த பிள்ளை யாருக்கும் கைகட்டி நிற்க வேண்டியதில்லை. மகாபொல புலமைப்பரிசில் வாங்கின பிள்ளை யார் காலிலும் விழ வேண்டியதில்லை. தானமாக வாங்கினால் ஒரு நாள் திருப்பிக் கேட்பார்கள். உரிமையாக வாங்கினதை யாரும் திருப்பிக் கேட்க முடியாது. இந்த வித்தியாசத்தைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுங்கள்.

அதற்காக வருகிற உதவியெல்லாம் வேண்டாம் என்று விரட்டச் சொல்லவில்லை. கண்ணைத் திறந்துகொண்டு வாங்குங்கள். கையெழுத்து வைக்க முதல் இந்தக் கேள்விகளைக் கேளுங்கள்:

ஒன்று: அந்த இல்லம் மாகாண நன்னடத்தை சிறுவர் பராமரிப்புத் திணைக்களத்தில் பதிவு செய்யப்பட்டதா? பதிவுப் பத்திரத்தைக் காட்டச் சொல்லுங்கள்.

இரண்டு: நாம் நினைத்த நாளில், சொல்லாமல் போய்ப் பிள்ளையைப் பார்க்கலாமா? தைப்பொங்கலுக்கும் தீபாவளிக்கும் பள்ளி விடுமுறைக்கும் பிள்ளை வீட்டுக்கு வருமா?

மூன்று: பிள்ளை மற்றப் பிள்ளைகளோடு அரச பாடசாலைக்குப் போகிறதா, அல்லது வேலிக்குள்ளேயே படிப்பா?

நாலு: பதினெட்டு வயதில் என்ன? இடையில் நின்றால் செலவைத் திருப்பிக் கட்ட வேண்டுமா? பதிலை எழுத்தில், தமிழில் வாங்குங்கள்.

ஐந்து: பிறப்புச் சான்றிதழின் மூலப் பிரதி யார் கையில்? அது உங்கள் கையில் இருக்கட்டும். பிரதி மட்டும் கொடுங்கள்.

ஆறு: ஆயுதம் தாங்கிய எந்தத் தரப்பும், அது அரசாங்கமானாலும் வேறு யாரானாலும், அந்த இல்லத்துக்குக் காசு கொடுக்கிறதா, அங்கே வந்து விழா நடத்துகிறதா?

இதில் ஒன்றுக்காவது பதில் சொல்ல மறுத்தால் கையெழுத்து வைக்காதீர்கள். சந்தேகம் வந்தால் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 இலக்கத்துக்கு யாரும் அழைக்கலாம். தனியாகப் பயமாக இருந்தால் சங்கக் காரியாலயத்துக்கு வாருங்கள். பிள்ளையைக் கொடுத்த பிறகு வராதீர்கள், கொடுக்க முதல் வாருங்கள்.

தம்பி தங்கைகளுக்கும் ஒரு வார்த்தை. உங்களுக்கு உதவினவருக்கு நன்றியோடு இருங்கள். கடிதம் எழுதுங்கள், கஷ்டத்தில் போய்ப் பாருங்கள், நாளைக்கு நீங்கள் இன்னொரு பிள்ளைக்கு உதவுங்கள். நன்றி அவ்வளவுதான். உயிர் நன்றிக் கணக்கில் சேராது. உண்மையில் உங்களை நேசித்தவர் அதைக் கேட்கவும் மாட்டார். பதினெட்டு தாண்டி, எல்லாம் தெரிந்து, வேறு வழியும் இருந்து, நீங்களாக ஒரு தொழிலைத் தெரிவு செய்தால் அது உங்கள் உரிமை. வேறு வழி இல்லாததால் செய்வது தெரிவு ஆகாது.

கடைசியாக, இந்தக் கூட்டத்தின் முன் இரண்டு தீர்மானங்களை வைக்கிறேன்.

முதலாவது: சாதாரண தரம், உயர்தரம் படிக்கிற நமது பிள்ளைகளுக்காகத் தோட்டக் கமிட்டியின் கீழ் ஒரு கல்வி நிதி. வேலை செய்கிற ஒவ்வொருவரும் மாதம் 20 ரூபா. கணக்கு ஒவ்வொரு மாதமும் பெரட்டுக்களத்தில் வாசிக்கப்படும். காசு பெற்றோரின் கையில் கொடுக்கப்படும். மேடை இல்லை, மாலை இல்லை, படம் இல்லை. வாங்குகிற பிள்ளை சங்கத்துக்குக்கூட ஒன்றும் தர வேண்டியதில்லை. நாளைக்கு அது வேறு சங்கத்தில் சேர்ந்தாலும் காசு நிற்காது. இதையும் தீர்மானத்தில் எழுதச் சொல்கிறேன். பிறரைக் கேட்கிற கேள்வியை முதலில் நாமே நம்மைக் கேட்க வேண்டும்.

இரண்டாவது: டிவிசனுக்குள் பிள்ளைகளைப் பொறுப்பெடுக்க வருகிற எவரும், முதலில் பெற்றோர் கூட்டத்தில் வந்து இந்த ஆறு கேள்விக்கும் பதில் சொல்ல வேண்டும். அதற்குப் பிறகுதான் லயத்து வாசலுக்குப் போகலாம்.

குடாநாட்டுத் தாய்மாருக்கு இப்படிக் கூடிப் பேச இடமும் காலமும் கிடைக்கவில்லை. ஷெல் விழுந்துகொண்டிருந்தபோது யார் கையை நீட்டினார்களோ, அந்தக் கையைப் பிடித்தார்கள். நமக்குக் கூரைக்கு மேல் மழைதான் விழுகிறது. பேச நேரம் இருக்கிறது. பேசுவோம், கேட்போம், பிறகு தீர்மானிப்போம்.

தீர்மானத்துக்கு ஆதரவானவர்கள் கையை உயர்த்துங்கள். அம்மாமார் முதலில்.